விஷம் என்று நான் சொன்னது

பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் பவர்லூம் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். ஆடுகள் என் பொறுப்பு. அந்த வருஷம் இருபத்தேழு செம்மறிகள் நின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. கண்மாய் நிறைந்தது. எங்கள் பக்கம் அது எல்லா வருஷமும் நடப்பதில்லை. மாசியில் தண்ணீர் உள்வாங்கத் தொடங்கியதும், காடெல்லாம் காய்ந்து கிடக்க, தண்ணீர் விட்டுப்போன ஈரத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தது. நான் ஆடுகளை நேராக அங்கேதான் ஓட்டினேன். மற்றவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

கண்மாயை ஒட்டி எங்கள் தெருக்காரர் ஒருவர் பருத்தி போட்டிருந்தார். எனக்கு மாமா முறை. ஒருநாள் என் ஆடுகள் நாலைந்து அவர் பருத்திக்குள் இறங்கிவிட்டன. ஓட்டிக்கொண்டு வருவதற்குள் அவர் வந்துவிட்டார்.

"இன்னொருக்கா உள்ள வந்துச்சு, உசுரோட திரும்பாது, பாத்துக்க."

"வாயில்லாச் சீவனுக்கு வேலி தெரியுமா மாமா?" என்றேன். அதோடு முடிந்தது.

பங்குனி பிறந்த வாரத்தில் ஒரு ஆடு மேயாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மறுநாள் தண்ணீராகக் கழிந்தது. சாதாரணக் கழிச்சலில் அப்படி ஒரு வாடை வராது. ஓயாமல் தண்ணீர் குடித்தது. கீழ்த்தாடையில், தோலுக்கடியில் தண்ணீர்ப்பை கட்டிவிட்டதுபோல வீங்கியிருந்தது. மருந்துக் கடையில் வழக்கமாக வாங்கும் பூச்சி மருந்தை ஊற்றினேன். கேட்கவில்லை. செத்துப்போன அதை வேலிக்கருவை மரத்தோரமாகப் புதைத்துவிட்டு வந்தால் இன்னும் மூன்று ஆடு கழிந்துகொண்டு நின்றன.

ஐந்தாவது ஆடு செத்த காலையில் குழாயடியில் நின்று சத்தம் போட்டேன். பெண்கள் எல்லாம் குடத்தோடு நின்றார்கள்.

"வெசம் வச்சுட்டாரு. உசுரோட திரும்பாதுன்னு அன்னைக்கே சொன்னவருதான. வாயக் கட்டி வளத்த ஆடுக!"

அவர் வீடு குழாயிலிருந்து நாலாவது வீடு. வெளியே வந்து நின்று முழுவதையும் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னிடம்கூடப் பேசவில்லை, அங்கிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"அறுத்துப் பாக்கட்டும். மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். வெசம்னு டாக்டரு சொல்லட்டும், அம்புட்டு ஆட்டுக்கும் நான் பொறுப்பு."

செத்த ஆட்டை அவரே உரச்சாக்கில் சுற்றி வண்டியின் பின்னால் கட்டினார். நான் பஸ்ஸில் போனேன். நான் இறங்கியபோது, அவர் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டுக்குக் காவல் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் காத்திருந்தோம்.

டாக்டர் ஒரு பெண். கட்டிடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் போட்டு அறுத்தார். பெரிய இரைப்பையைத் திறந்து இரையைக் கொட்டிவிட்டு, உள்சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். தேங்காய்ப்பூத் துவாலை போலிருக்கும் அந்தச் சுவரில், இளஞ்சிவப்பாக, உரித்த மாதுளை முத்துகள் போலக் கொத்தாக ஏதோ ஒட்டியிருந்தன. விரலால் ஒன்றைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தார். மெல்ல அசைந்தது.

"தட்டைப்புழுல இது ஒரு வகைம்மா. இந்தப் பெருசுக அதிகம் கெடுதல் பண்ணாது. கொல்றது இதோட குஞ்சுக."

பிறகு சிறுகுடலின் தொடக்கத்தை நீளமாகக் கீறினார். அது முழுக்க ரத்தம் கட்டிச் சிவந்து தடித்திருந்தது. கத்தி முனையால் சுரண்டித் தட்டில் தண்ணீரில் விட்டார். குருணை மாதிரி பொடிப்பொடியாகக் குஞ்சுப் புழுக்கள் மிதந்தன.

"எங்க மேச்சீங்க?"

"கம்மாக்குள்ளதான். தண்ணி வத்துன எடத்துல."

"அங்க சின்னச் சின்ன நத்தை கெடக்கும், பாத்திருப்பீங்க. இந்தப் புழு அதுக்குள்ள வளந்து, வெளிய வந்து புல்லுல ஒட்டிக்கும். காடு காஞ்சு கெடக்கறப்ப எல்லா ஆடும் அந்த ஒரு எடத்துலதான் மேயும். நீங்க ஊத்துன மருந்து இதுக்குக் கேக்காது."

"அப்ப வெசம் இல்லயா?"

"வெசம் ஒண்ணும் இல்ல."

மாமா அதுவரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "டாக்டரம்மா, இத எங்க தெருவுல வந்து ஒரு வார்த்த சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

"அது எப்படிண்ணே முடியும்? இவங்க சொல்லட்டும்" என்றார் டாக்டர்.

மாமா என் பக்கம் திரும்பாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே நான் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த மருந்தை ஊற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஆட்டின் எடைக்கும் ஓர் அளவு. கண்மாய்ப் பக்கம் விடாமல் தொழுவில் அடைத்து, மோட்டார்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி வைத்தேன். இதெல்லாம் உண்மைதான். ஆனால் சொல்வதற்கு ஒரு நிமிஷம் போதும், அது என்னிடம் இருந்தது. வெட்கம்தான் காரணம். இடையில் இன்னும் நான்கு செத்தன. மற்றவை மெதுவாகத் தேறி அசைபோடத் தொடங்கின.

ஆறாம் நாள் குழாயடியில் சொன்னேன். "வெசம் இல்லக்கா. வயித்துல புழு. நான் சொன்னது தப்பு." ஒருத்தி "அப்படியா" என்றாள். மற்றவர்கள் குடத்தை மாற்றி வைப்பதில் இருந்தார்கள். முதல்நாள் நான் கத்தியபோது நின்றதுபோல யாரும் நிற்கவில்லை.

அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் பேசுனது தப்பு."

"குழாயடில சொன்னியாமே."

"சொன்னேன்."

"நீ சொன்ன மொத நாளே அது திருச்சுழி வரைக்கும் போயிருச்சு தாயி. இது அந்தளவுக்குப் போகாது."

கிளம்பலாம் என்று நான் திரும்பியபோது அவர் மனைவி உள்ளிருந்து வந்து, மாடு இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை, இளக்கமாகக் கழிகிறது என்றார். மாமா அவரை முறைத்தார். நான் மாட்டின் தாடைக்கடியில் கை வைத்துப் பார்த்தேன். லேசாகத் தொளதொளத்தது.

"சாணிய டப்பாவுல எடுத்துட்டு இன்னைக்கே போங்க அத்தை" என்றேன்.

மாமாதான் போனார். அதே புழு. மாடு பிழைத்துக்கொண்டது.

இப்போது தெருவில் பார்த்தால், ஆடு எப்படி என்று கேட்பார். நன்றாக இருக்கிறது என்பேன். அதற்குமேல் பேச்சு நீள்வதில்லை. போன தையில் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை அத்தை கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்காரரும் நானும் போனோம். பந்தியில் மாமாதான் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் ஊற்றியதுபோல எனக்கும் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.