நிலாவைத் திருகிய சாயங்காலம்

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, வேலூரில் ஒரு கல்லூரியின் வானாய்வுக்கூடத்தில் பொதுமக்களுக்கு நிலாவைக் காட்டுகிறார்கள் என்று மாமா செய்தி கொண்டுவந்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வாரம் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு வர மனமில்லை. "தலைக்கு மேல தெரியற நிலாவைப் பார்க்க பஸ் ஏறணுமா?" என்றாள். மாமா விடவில்லை.

அந்த நாட்களில் வீட்டில் எனக்கு மந்தம் என்று பெயர். பள்ளியில் போர்டில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதிவருவேன். "புத்தி எங்கடி மேயுது?" என்று அம்மா திட்டுவாள். புத்தியில்தான் கோளாறு என்று நானும் நம்பியிருந்தேன்.

கல்லூரி மொட்டைமாடியில் நீளமான வரிசை. டெலஸ்கோப்பைக் கவனித்துக்கொண்டவள் அங்கே படிக்கும் ஒரு அக்கா. என்னை ஸ்டூல் மேல் ஏற்றி, "மங்கலா இருந்தா இந்தத் திருகைத் திருப்பு பாப்பா" என்றாள். திருப்பினேன், திருப்பிக்கொண்டே இருந்தேன். திடீரென்று நிலா கூர்மையாக வந்து நின்றது. பள்ளங்கள், அவற்றின் விளிம்பு, விளிம்பின் நிழல்கூட. எந்தப் பொருளையும் அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை.

அடுத்தது மாமா. "இன்னாமா இது, தோசை மாவாட்டம் தெரியுது? பாப்பா மிஷினைக் கெடுத்துட்டா போல!"

வரிசையே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திருகைச் சரிசெய்து மாமாவுக்குக் காட்டிவிட்டு, என்னை மறுபடி ஏற்றினாள். மறுபடியும் அவ்வளவு தூரம் திருப்பினேன். இறக்கிவிட்டு எதிர்க்கட்டடத்தைக் காட்டினாள்.

"அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு, படி."

"எந்த போர்டு?" என்றேன்.

டெலஸ்கோப்பைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு, அக்கா அம்மாவைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த வாரமே கண்ணாடி வந்தது. அதன் பிறகு படிப்பும் வந்தது. அத்தனை பேர் காத்திருக்க, ஒரு சிறுமியின் கண்ணுக்காக நின்று நிதானித்த அந்த அக்காவின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவளிடம் சொல்லியிருக்கவேண்டிய நன்றியை இன்றுவரை யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று பஸ்ஸில் எனக்கு இதெல்லாம் தெரியாது. பள்ளிகொண்டா தாண்டியும் அம்மா அழுகையை நிறுத்தவில்லை. மிஷினைக் கெடுத்ததற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "இனிமே திருக மாட்டேம்மா" என்றேன்.

அதைக் கேட்டதும் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, இன்னும் ஜாஸ்தியாக அழுதாள்.