திரும்பிப் பார்க்கிறவள்

என் அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். போன செவ்வாய்க்கிழமை அவள் இறந்துபோனாள். வயது நாற்பத்தொன்று. எழுதிய இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எங்கேயோ தப்பு இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில், இஸ்திரிப் பிரிவில் அவளுக்கு வேலை. அப்பா நான் பிறப்பதற்கு முன்பே விபத்தில் போய்விட்டார். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், கைக்குழந்தையோடுதான் வேலை கேட்டுப் போனாளாம்.

"குழந்தை அழுதா என்ன பண்ணுவே?" என்று கேட்டாராம் சூப்பர்வைசர்.

"நீங்க அதட்டாம இருந்தா அது ஏன் சார் அழப் போகுது?"

வேலை கிடைத்தது. பட்டப்பெயரும் கிடைத்தது. அங்கே இருந்தவர்களில் அவள்தான் இளையவள். "வயசுல சின்னது, வாயில பெருசு" என்று சொல்லி, எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

துணி தள்ளும் வண்டியில், துவைத்த துண்டுகளின் மேல் நான் வளர்ந்தேன். காதில் விழுந்த சொல்தானே வாயில் வரும்?

"அக்கா இல்லடி, அம்மா. எங்க, சொல்லு."

"அக்கா."

கூடமே சிரித்ததாம். கொஞ்சநாள் போராடிவிட்டு அவள் விட்டுவிட்டாள். "எப்படிக் கூப்பிட்டா என்ன? திரும்பிப் பாக்கறது நான்தானே."

அத்தனை இயந்திரச் சத்தத்திலும் என் குரலுக்குத் திரும்புவாள். ஆனால் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் திரும்புவாள். நான் வண்டியிலிருந்து விழுந்து கத்திய அன்று மட்டும் அப்படியே திரும்பினாள். அன்று பெட்டி சுட்ட தழும்பு அவள் முழங்கைக்குக் கீழே கடைசிவரை இருந்தது.

எட்டு வயதில் வீட்டு மேசை மின்விசிறியைக் கழற்றிப் போட்டேன். அடி விழும் என்று காத்திருந்தேன். "கழட்டினவதான் மாட்டணும். வேர்க்குதுடி, சீக்கிரம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். இன்று நான் லிஃப்ட் பராமரிக்கும் பொறியாளர்.

செவ்வாய் காலையில் போனில் பேசினாள்.

"இஞ்சினியரம்மா, ஊர்ல உள்ள லிஃப்டெல்லாம் ஏறி இறங்குது. நம்ம வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகிட்டே இருக்கு. எப்ப வர்றதா உத்தேசம்?"

சாயங்காலம் என்றேன்.

மதியத்துக்குள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "அக்கா விழுந்துட்டாம்மா." மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. சரிவதற்கு முன்பும் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்திருக்கிறாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காவலாளி மறித்தார்.

"உள்ள இருக்கறது எங்க அக்கா. விடுங்கண்ணே."

"அக்கா தங்கச்சியெல்லாம் அப்புறம்மா. பெத்தவங்க, புருஷன், பிள்ளைங்க மட்டும்தான்."

"நான் அவங்க பொண்ணு."

"இப்பதானே அக்கான்னு சொன்னே?"

எங்க அம்மா என்று சொன்னால் போதும். சொல்லிப் பழகாத சொல், வாயில் வரவில்லை. ஓடிவந்த சூப்பர்வைசர்தான் கத்தினார். "அவ பெத்த பொண்ணுதான்யா அது, விடு!"

கட்டிலை எட்டும் முன்பே கூப்பிட்டேன்.

"அக்கா!"

நர்ஸ் திரும்பினாள். "என்னம்மா?"

மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் நர்ஸ்தான்.

கட்டிலின் மேல் குனிந்து, அவள் காதோரம் அம்மா என்றேன்.

அதற்கும் திரும்பவில்லை.