ஓசோன் தாராளமாக இருந்த ஞாயிறு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானும் அதைத் தேடவில்லை. அறிவியலில் எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு பாடம்தான். வானத்தில் ஓசோன் என்று ஒரு குடை இருக்கிறது, அதில் ஓட்டை விழுந்தால் நமக்கு ஆபத்து. திருப்பூர், துபாய், அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, டெக்சாஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில் ஒரு தோசைக் கடைக்கு மாவரைக்க வந்து சேர்ந்தேன். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்கை. தூக்கம் நன்றாகவே வந்தது.

கடைக்குச் சாப்பிட வரும் கம்ப்யூட்டர்காரர்கள் ஞாயிறுகளில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். நான் வேகமாகப் பந்து போடுவேன் என்று தெரிந்ததும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஊரில் மாவைத் தவிர வேறெதற்காவது என்னைத் தேடினார்கள் என்றால் அந்த வேகத்துக்குத்தான். அது போனால் நானும் போனேன்.

கோடையின் கடைசி ஆட்டம் காலை ஏழு மணிக்கு என்றார்கள். கேப்டன் என்னை அழைத்துப்போக வந்தபோது மணி பத்து. இட்லி வரத் தாமதமாம். நெடுஞ்சாலை மின்பலகையில் 'ஓசோன் ஆக்‌ஷன் டே' என்று எழுத்துகள் ஓடின.

"சார், இன்னைக்கு ஓசோன் நிறைய இருக்காம். நல்ல நாள்தான்," என்றேன்.

"சூப்பர்ணா," என்றார் கேப்டன், ஒரு கையால் சட்னி டப்பாவைப் பிடித்தபடி.

வானம் துடைத்து வைத்ததுபோல நீலமாக இருந்தது. நாங்கள் முதலில் மட்டை பிடித்து முடித்து, நான் பந்தெடுத்தபோது உச்சி வெயில் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பந்துக்கும் முன் நெஞ்சு விரிய மூச்சை இழுத்தேன். கிடைக்கிற நல்லதை விடுவானேன்? பவுண்டரியில் நின்றவர்களையும் இழுக்கச் சொன்னேன். இரண்டு பேர் கைகளை விரித்து இழுக்கவும் செய்தார்கள்.

கடைசி ஓவருக்குள் தொண்டை எரிந்தது. நெஞ்சில் யாரோ பட்டை கட்டி இறுக்கியதுபோல இருந்தது. ஒரு பந்து மீதி, எதிரணிக்கு இரண்டு ரன் வேண்டும். என் இருமல் நிற்கவில்லை. எங்கள் விக்கெட் கீப்பர் நுரையீரல் டாக்டர். கையுறையோடு ஓடி வந்தார்.

"என்னண்ணா பண்றீங்க?"

"ஓசோன் இழுக்கறேன் டாக்டர்."

"எதுக்கு?"

"குடையாச்சே."

டாக்டர் புல்லில் உட்கார்ந்து சிரித்தார். "அது மேல இருந்தாதான்ணா குடை. கீழ இருக்கறது கார் புகையும் வெயிலும் சேந்து ஆன சரக்கு. உள்ள போனா நுரையீரல் எரியும். ஆஸ்துமாகாரன்னா நேரா எங்க எமர்ஜென்சிதான்."

"வானம் பளிச்சுன்னு இருக்கே?"

"கண்ணுக்குத் தெரியாது. இதுக்கு மேல கூடாதுன்னு கவர்மென்ட் ஒரு லிமிட் வெச்சிருக்கு. முன்னாடி இன்னும் தளர்வா இருந்துச்சு, அதுலயே ஆளுங்களுக்கு மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சு குறைச்சாங்க. இன்னைக்கு காத்து மோசமாகும்னுதான் போர்டுல போட்டான்." பிறகு கேப்டன் பக்கம் திரும்பினார். "ஏழு மணிக்கு ஆரம்பிச்சிருந்தா இவ்வளவு ஏறியிருக்காது. நீங்க இட்லிக்கு வெயிட் பண்ணீங்க."

"சட்னியும் வரணுமில்ல டாக்டர்," என்றார் கேப்டன்.

"அண்ணா இனிமே ஓடக் கூடாது. ஓடினா நான் கிளவுஸைக் கழட்டிடுவேன்."

ஓடாமல் எங்கிருந்து வரும் வேகம்?

"நடக்கலாமா?"

"ஒரு பந்துதானே? மெதுவா நடங்க."

நடந்தேன். கல்யாண வீட்டில் பந்தியை எட்டிப்பார்க்கிறவனைப் போல நடந்துபோய்ப் பந்தை விட்டேன். வேகத்துக்குத் தயாராக நின்ற மட்டையாளர் இறங்கி வந்து முழுதாகச் சுற்றி முடித்தார். பந்து இன்னும் வழியில் இருந்தது. அவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அது சாவகாசமாக அவரைத் தாண்டிப் போக, டாக்டர் பிடித்து ஸ்டம்பைத் தட்டினார்.

எல்லோரும் என் மேல் பாய வந்தார்கள். "யாரும் அவரைக் கட்டிப்பிடிக்காதீங்க, மூச்சு விடட்டும்," என்று டாக்டர் கத்தினார். வெற்றி ஓட்டத்துக்கும் தடை. பதினொரு பேரும் மாப்பிள்ளை ஊர்வலம்போல மைதானத்தை நடந்தே சுற்றினோம். நான் பாதி இருமினேன், பாதி சிரித்தேன். எது எது என்று எனக்கே பிரிக்க முடியவில்லை.

கேப்டன் காரில் ஏசியை முழுதாக வைத்து, என்னை முன்சீட்டில் உட்கார வைத்தார்.

"அடுத்த சீசன் ஆறரைக்கு ஸ்டார்ட் பண்றோம்ணா," என்றார். "ஆனா நீங்க நடந்தே போடுங்க."