நானே போட்ட ஒன்பது கையெழுத்து

போன வருடம், சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் நடந்தது இது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் யாரோ கோழிக்கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்றத்தில் சோறு இறங்காது. நாடு முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு சுற்றுச்சூழல் அமைப்பில் நானும் சேர்ந்திருந்தேன். கலெக்டருக்கு மனு கொடுக்க எங்கள் தெருவில் கையெழுத்து வாங்கும் பொறுப்பு எனக்கு. ஏழாம் வகுப்போடு நின்றவளை நம்பிக் கொடுத்தார்களே என்று ஒரே பெருமை.

பகலில் போனால் பாதிப் பேர் தறி வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களோ, "நீயே போட்டுருட்டி, அடுப்புல வேலை கெடக்கு" என்றார்கள். போட்டுவிட்டேன். இல்லாதவர்களுக்கும் சேர்த்து ஒன்பது பேருக்கு, பேனாவை மாற்றி மாற்றி.

சனிக்கிழமை காலையில், எங்கள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் கடையநல்லூர் அக்கா போன் செய்தார். "திங்கக்கெழம மனு கொடுக்கணும். அதுக்குள்ள நம்ம டெல்லி ஆபீஸ்ல இருந்து நாலஞ்சு பேருக்குப் போன் போட்டு, கையெழுத்து அவங்க போட்டதுதானான்னு கேப்பாங்க."

போலீஸ், கேஸ் என்று மனசு எங்கெங்கோ ஓடியது. என்னால் மனுவே செல்லாமல் போய்விட்டால் குளம் என்னாவது? கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கடையநல்லூர் போய், அக்காவிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "இன்னும் ரெண்டு நாள் இருக்குல்லா, எந்திரி" என்று புதுத் தாளோடு என்னுடன் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வீடு வீடாக ஏறினோம். பழைய தாளைப் பார்த்த ஒருத்தி, "ஏட்டி, என் கையெழுத்த என்னையவிட அழகா போட்டிருக்கியே!" என்று சிரித்தாள். தறிக்குப் போய்வந்த கடைசி வீட்டுக்காரி மட்டும் பேனாவை வாங்கவில்லை.

"என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல வாசி."

வாசித்தேன்.

"கொட்டுதவன் வண்டி நம்பர் எங்க? பால் வாங்கப் போகையில ரெண்டு தடவ பாத்தேன். செவுத்துல கரியால எழுதி வச்சிருக்கேன்."

"என்கிட்ட சொல்லலையே?"

"நீ வந்து கேட்டாத்தான சொல்லுவேன்!"

நம்பரோடு மனு போனது. அதன்பிறகு அந்த வண்டி இந்தப் பக்கம் வரவில்லை. நான் இன்னும் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் அன்று பயந்துபோய் உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால், அந்த நம்பர் இன்னும் அவள் வீட்டுச் சுவரிலேயே கிடந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு லேசாகிறது.