பிடியை விட்ட குற்றம்

முட்டி பிசகும்போது ஒரு சத்தம் வரும். பச்சைக் குச்சியை ஒடித்த மாதிரி என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஈரத் துணியை ஓங்கி உதறினால் வருமே, அந்தச் சத்தம். கபடி நடுவராக நின்று அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆடிய காலத்தில் என் முட்டியிலிருந்தே ஒருமுறை கேட்டது. அதற்குப் பிறகுதான் ஆட்டத்தை விட்டு விசிலை எடுத்தேன்.

எங்கள் பக்கத்துக் கபடி பொழுதுபோக்கு இல்லை. பட்டாசுக் கம்பெனிகள் அணி வைத்திருக்கின்றன. நன்றாக ஆடுகிறவனுக்கு லோடு ஏற்றுகிற வேலையோ கேட் வேலையோ கொடுத்து, கம்பெனி பேர் போட்ட பனியனை மாட்டிவிடுவார்கள். ஆடுகிறவரைக்கும் வேலை. ஆட்டம் போனால் வேலையும் போச்சு. அதனால் கோட்டுக்குள் இறங்குகிறவன் எவனும் சிரித்துக்கொண்டு இறங்குவதில்லை.

நான் சொல்லப்போகிற சம்பவத்துக்கு முந்தின சீசனில் ஒரு கம்பெனி அணியின் ஆட்டக்காரன் எதிரணியிடம் புது செல்போன் வாங்கிக்கொண்டு, கடைசிப் பாட்டில், அதாவது கடைசியாகக் கபடி பாடிப் போன முறையில், தானாகவே கோட்டுக்கு வெளியே காலை வைத்தான். விஷயம் தெரிந்து அவன் அணிக்காரர்களே ஆமத்தூர் பக்கம் ஒரு டீக்கடையில் அவனை மடக்கி, டீ கிளாஸை உடைத்து வாயில் இழுத்துவிட்டார்கள். இன்னமும் அவனுக்குச் சரியாகப் பேச வராது. அப்புறம்தான் போட்டிக் கமிட்டி கூடி ஒரு விதி போட்டது. எதிரணிக்காரனிடம் ஆட்டக்காரன் எதுவுமே வாங்கக் கூடாது. வாங்கினால் ஆயுளுக்கும் ஆடக் கூடாது. 'ஒரு சோடாகூட வாங்கக் கூடாது' என்று மைக்கில் சொன்னார்கள்.

அந்த விதிக்கு நானும் கை தூக்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் தூக்குவேன். விதி இல்லாத இடத்தில் உடைந்த கிளாஸ்தான் பேசும். ஆனால் விதியைக் கையில் எடுக்கிறவனுக்குத் தலைக்குள் ஏதாவது இருக்க வேண்டும். அதே கூட்டம் முடிந்ததும் கமிட்டித் தலைவர் நடுவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கொடுத்தார். 'இது மட்டும் என்ன அண்ணாச்சி?' என்று கேட்டேன்.

'இது வழக்கம் தம்பி. அது லஞ்சம். ரெண்டையும் போட்டுக் கொளப்பாதீக' என்றார்.

அவர் பழைய தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி; தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்போம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். யோசிக்கச் சோம்பேறி, அவ்வளவுதான். கெட்டவனைவிட இந்த மாதிரி ஆளால்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள்.

எம்.புதுப்பட்டி பக்கத்துக் கம்பெனி ஒன்றின் அணியில் இடது கார்னரில் ஒருவன் நின்றான். பாடி வருகிறவன் திரும்புகிற நொடியில் கணுக்காலை அள்ளிப் பிடிப்பது அவன் வேலை. அவன் பிடித்து நான் 'அவுட்' கொடுக்காமல் இருந்தது அபூர்வம். வெளியே பேசவே மாட்டான். கம்பெனி குடோனில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் மனைவி வேறொரு யூனிட்டில் திரி வைக்கிற வேலைக்குப் போனவள். அந்த சீசன் நடுவில் அவள் இருந்த ஷெட் தீப்பிடித்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை வெந்த உடம்போடு மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் கிடந்தாள்.

வெந்த உடம்பைத் துணியில் போட முடியாது. துணி ஒட்டும், எடுத்தால் தோல் வரும். குருத்து வாழையிலையை விரித்து அதில்தான் படுக்க வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவர் அப்படிக் கிடந்திருப்பார்கள். ஆனால் இலை தினமும் வேண்டும், நிறைய வேண்டும். மழை இல்லாத கரிசல் பூமியில் கிழியாத குருத்து இலைக்கு எங்கே போவது?

சாத்தூர் அணியில் பாடிப் போகிறவர்களில் முதல் ஆள், இலை மண்டியில் கட்டுத் தூக்குகிறவன். கோட்டுக்குள் இந்த இரண்டு பேருக்கும் ஆகாது. ஒருமுறை அவன் மிதித்ததில் கார்னர்காரனின் விரல் நகம் பெயர்ந்து போனது. இவன் பதிலுக்குப் பிடித்ததில் அவன் கன்னம் மண்ணில் தேய்ந்து ஒரு வாரம் சீழ் வைத்தது. அப்படிப்பட்டவன், அரையிறுதி நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு இலைக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தான். ஸ்கோர் எழுதுகிற மேஜைக்கு அடியில் கட்டை வைத்துவிட்டு, இவனைப் பார்த்து, 'ஏலே, மதுரை வண்டிக்குப் போகையில மறந்துராத. வெயில்ல வச்சா கருகிரும்' என்றான்.

'எம்புட்டு ஆச்சு?'

'உம் மூஞ்சிக்கு இதெல்லாம் விக்கிறதா? கோட்டுக்குள்ள வா, வசூல் பண்ணிக்கிறேன்.'

நான் பக்கத்தில்தான் நின்றேன். பேச்சு இவ்வளவுதான். யாரோ செல்போனில் படம் எடுத்ததை மட்டும் நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. கம்பெனி அணியும் சாத்தூரும். கடைசிப் பாட்டு வரும்போது இரண்டு பக்கமும் சம புள்ளி. சாத்தூர்க்காரன் பாடி வந்தான். கார்னர்காரன் கணுக்காலை அள்ளினான். மேலே இரண்டு பேர் விழுந்தார்கள். கால் ஒரு பக்கம் இருக்க, உடம்பு இன்னொரு பக்கம் திருகியது. அந்தச் சத்தம் கேட்டது. 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டிருந்த குரல் அலறலாக மாறியது. ஆனாலும் அவன் பாட்டை நிறுத்தவில்லை. அழுகிற குரலில் 'கபடி கபடி' என்றே கத்தினான். விசில் என் உதட்டுக்கு வந்துவிட்டது. ஊதுவதற்குள் கார்னர்காரன் கையை விட்டான். மேலே கிடந்தவர்கள் சரிந்தார்கள். விழுந்தவனின் கை நடுக்கோட்டைத் தொட்டது. தொட்டவன் தப்பித்தான், பிடித்தவர்கள் அவுட். சாத்தூர் ஜெயித்தது. நான் கையைத் தூக்கிப் புள்ளி கொடுத்தேன்.

முதல் நாற்காலி என் முதுகில் விழுந்தது. இரண்டாவது கார்னர்காரனுக்கு. கம்பெனி ஆட்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார்கள். பந்தல் கம்பைப் பிடுங்கி ஒருவன் அவன் தோளில் அடித்தான். குனிந்தவன் முகத்தில் இன்னொருவன் முழங்காலால் இடித்தான். பல் ஒன்று மண்ணில் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கம்பெனி மேனேஜர் செல்போனை உயர்த்திக் காட்டிக்கொண்டு வந்தார்.

'இந்தா பாருங்க. காலையில வாங்குனான், சாயங்காலம் விட்டான். கட்டுக்குள்ள என்னலே வச்சிருந்தான், சொல்லுலே!'

'எலை' என்றான் கார்னர்காரன். வாயெல்லாம் ரத்தம். அந்த ஒரு சொல்தான் வந்தது.

மேனேஜர் மேஜைக்கு அடியிலிருந்து கட்டை இழுத்துப் போட்டுக் கயிற்றை அறுத்தார். இலை. பிரித்தார், உதறினார், காலால் கிளறினார். இலைதான். ஒரு ரூபாய் நோட்டுகூட இல்லை. அதற்குள் பத்துப் பேர் அதை மிதித்துவிட்டார்கள். கிழிந்த இலையில் யாரையும் படுக்க வைக்க முடியாது. கார்னர்காரன் அடிபட்டபோது அழவில்லை. அதைப் பார்த்துத்தான் அழுதான்.

சாத்தூர்க்காரனை அதற்குள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். எங்களை மேடைக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு பேர் கார்னர்காரனின் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள். தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

'நீங்க பக்கத்துல நின்னீக. பிடி தானா நழுவுச்சா, இவன் தெரிஞ்சு விட்டானா?'

நழுவியது என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நடந்ததைத்தான் சொல்வேன். 'தெரிஞ்சுதான் விட்டான். விடலைன்னா அந்தப் பய ஆயுசுக்கும் நொண்டி.'

'பாத்தீகளா, நடுவரே சொல்லிட்டாரு!' என்று மேனேஜர் துள்ளினார்.

'நொண்டியாகுறதத் தடுக்குறது குத்தமாய்யா? கால ஒடிக்கணும்னு எந்த விதியில எழுதியிருக்கு?' என்று கத்தினேன். 'வாங்குனது எலை. பொண்டாட்டி வெந்து கிடக்கா. விதிய எதுக்குப் போட்டோம்? ஆட்டத்த விக்கக் கூடாதுன்னு போட்டோம். எலைக்கு எவன்யா ஆட்டத்த விப்பான்?'

தலைவர் தாடையைச் சொறிந்தார். ஒரு நிமிஷம் நல்ல முடிவு வரும் என்றுகூட நினைத்தேன். அப்புறம் சொன்னார், 'எலையோ, தங்கமோ, எதுவும் வாங்கக் கூடாதுன்னுதானே சொன்னோம். சரி, ஒண்ணு செய்வோம். கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும். எலைக்காக விடலைன்னு சொல்லட்டும். விட்டுருவோம்.'

எங்கள் பக்கத்தில் இது பெரிய கோர்ட்டைவிடப் பெரிய கோர்ட். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அப்புறம் யாரும் பேச மாட்டார்கள். காலையில் பூஜை போட்ட தட்டு மேடையிலேயே இருந்தது. மேனேஜர் அதை எடுத்துவந்து கற்பூரத்தைக் கொளுத்தினார். தட்டை வைத்த இடத்துக்கு ஒரு கை தூரத்தில், பரிசுக்கென்று கம்பெனிகள் கொடுத்த கிஃப்ட் பாக்ஸ்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அத்தனையும் பட்டாசு.

பட்டாசு விற்றுப் பங்களா கட்டியவர்கள், பட்டாசுக்குப் பக்கத்தில் தீயை வைத்துக்கொண்டு நியாயம் விசாரித்தார்கள்.

கார்னர்காரன் மட்டும்தான் அதைப் பார்த்தான். 'இங்கன தீ வேண்டாம், பெட்டி இருக்கு' என்றான். வாய் வீங்கியிருந்ததால் அது குழறலாகத்தான் வந்தது. நடிக்கிறான் என்று மேனேஜர் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தீயை நோக்கி இழுத்தார். தட்டு சாய்ந்தது. எரிகிற கட்டி விளிம்புக்கு உருண்டது. கை இரண்டும் பிடிபட்டு நின்றவனுக்கு மிச்சமிருந்தது கால்தான். ஓங்கி ஒரு உதை. தட்டு மேடைக்குக் கீழே மண்ணில் போய் விழுந்தது. கற்பூரம் அங்கே கிடந்து எரிந்து அணைந்தது.

'சாமியைக் காலால ஒதைச்சுட்டான்!' என்று ஒரு குரல் வந்தது.

அதற்கப்புறம் அடித்தவர்களுக்குக் கம்பெனி, சாத்தூர் என்ற வித்தியாசம் இல்லை. ஜெயித்த அணிக்காரர்களும் சேர்ந்து அடித்தார்கள். கார்னர்காரனின் விலா எலும்பு ஒடிந்தது. நான் மேனேஜரின் காலரைப் பிடித்து, மூக்கில் ரத்தம் வரும்வரை குத்தினேன். அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. என் காதோரம் ஒரு கம்பு விழுந்தது. அந்தக் காதில் இப்போதும் பாதிதான் கேட்கிறது.

மறுநாள் கமிட்டி முடிவைச் சொன்னது. கார்னர்காரனுக்கு ஆயுள் தடை. காரணம் இலை இல்லையாம். இலை விஷயத்தை மன்னித்துவிட்டார்களாம். கற்பூரத் தட்டை உதைத்ததற்குத் தடை. அந்த வாரமே கம்பெனியிலும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். என்னை நிறுத்தவில்லை. விதி தெரிந்த நடுவர் இந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை.

அவன் மனைவி பிழைத்தாள். கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டதால் ஒரு பக்கம் திரும்ப முடியாது. அவன் இப்போது சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிறான். ஒருமுறை பஸ்ஸில் பார்த்தேன். 'தெரிஞ்சு விட்டான்னு சொல்லிட்டேனேன்னு கோவமாலே?' என்று கேட்டேன். 'நெசத்தத்தானே சொன்னீக அண்ணாச்சி' என்றான்.

அடுத்த சீசனில் அதே கம்பெனி புதுக் கார்னரை இறக்கியது. நல்ல உடம்பு, நல்ல பிடி. அரையிறுதியில் பாடி வந்த ஒருவனுடைய கணுக்காலைப் பிடித்தான். உடம்பு திருகியது, சத்தம் கேட்டது. விசில் ஊதினேன். விடவில்லை. மறுபடி ஊதினேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் இறுக்கினான். நானும் இரண்டு பேரும் சேர்ந்து அவன் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. அதற்குள் அந்தக் கால் பின்பக்கமாக மடங்கிவிட்டது.

சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினேன். அடிபட்டவனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மைக்கில் சொன்னார்கள், 'கடைசிவரை பிடியை விடாத வீரருக்குக் கம்பெனி சார்பாக அன்பளிப்பு.' மேனேஜர் வந்து துண்டு போட்டார். கூட்டம் கைதட்டியது.

நேராகத் தலைவரிடம் போனேன். 'இதுக்கு உங்க விதியில என்ன இருக்கு?'

'குடுத்தது எதிரணி இல்லையே தம்பி. சொந்தக் கம்பெனிதானே' என்றார். 'விதிப்படி இதுல தப்பே இல்ல.'