சாயம் போகாத கெம்பு

மூக்கண்டப்பள்ளியில் பேச்சியம்மாள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கல்லு மேடம் என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். சாணைச் சக்கரம் செய்யும் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குருந்தக்கல்லோடு மல்லுக்கட்டுகிறவர். சாணைக்குப் பல்லே அந்தக் கல்தான். அதே கல் சிவப்பாகப் பிறந்துவிட்டால் கெம்பு என்று பெயர் வாங்கிக் கழுத்தில் ஏறிக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்செட்டியிலிருந்து நாராயணப்பனும் மனைவி மாரம்மாவும் துண்டில் ஒரு கல்லை முடிந்துகொண்டு வந்தார்கள். கேழ்வரகுக் கொல்லையில் உழும்போது அகப்பட்டது. கைமுட்டி அளவு, ஆறு பட்டை, நல்ல சிவப்பு. பெங்களூர் வியாபாரி ஹரீஷ்குமார் அதைப் பஞ்சால் துடைத்துப் பார்த்திருக்கிறார். பஞ்சு சிவந்துவிட்டது. ஊர் டீக்கடையில் அத்தனை பேர் முன்னாலும், "சாயம் பூசிய கல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"காசு போனாப் போவுது மேடம். ஏமாத்துக்காரன்னு பட்டம் கட்டிட்டான். நான் எப்பிடிங்க ஊருக்குள்ள தலகாட்டறது?" என்றார் நாராயணப்பன்.

பேச்சியம்மாள் கல்லை மூக்கருகே கொண்டுபோனார். நல்லெண்ணெய் வாசம்.

"ஏக்கா, இதுக்குப் பூசை போட்டீங்களா?"

"பின்ன? பூமித்தாயி குடுத்ததாச்சே. வெள்ளிக்கெழமை தவறாம எண்ணெ தடவி குங்குமம் வெப்பேன்" என்றாள் மாரம்மா.

பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடனே ஹரீஷ்குமாருக்குப் போன் போட்டு வரவழைத்தார்.

அவர் கண் முன்னாலேயே கல்லைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். முதல் பஞ்சு சிவப்பு. ஐந்தாவது பஞ்சு வெள்ளை. கல் மட்டும் சிவப்பாகவே இருந்தது. சாதாரணக் கல்லால் கீறமுடியாத ஒரு புஷ்பராகத் துண்டில் அதன் ஓரத்தால் கோடு இழுத்தார், அழுத்தமாக விழுந்தது. கள்ளநோட்டு பார்க்கும் விளக்கைக் காட்டினார். கல் அடுப்புத் தணல் போலக் கனன்றது.

"கெம்பேதான். வெளிச்சம் உள்ள போகல, மோதிரத்துக்கு ஆகாது. ஆனா ரெண்டு நுனியும் உடையாம இத்தாப் பெருசா நான் பார்த்ததே இல்ல. அறுத்தா வீணாப்போகும். முழுசா வச்சுப் பார்க்கிறவங்களுக்குத்தான் இது. நாப்பதாயிரத்துக்குக் கீழ பேசாதீங்க" என்றார் பேச்சியம்மாள் வியாபாரியிடம்.

சாயம் வெளுத்தது ஹரீஷ்குமாருக்குத்தான். பையைத் திறந்தார்.

"காசு அப்பறம் சார்," என்றார் நாராயணப்பன். "மொதல்ல அதே டீக்கடைக்கு வந்து சொல்லுங்க."

வியாபாரி தலையாட்டிவிட்டுக் கார் சாவியை எடுத்தார். மாரம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பழக்கதோஷத்தில் குங்குமத்தோடு கல்லை நோக்கி விரலை நீட்டினாள்.

பேச்சியம்மாள் பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்துத் தன் நெற்றிப்பக்கம் திருப்பினார்.

"கல்லுக்கு வேண்டாம்க்கா. எனக்கு வைங்க."