அரைப்பக்கச் செய்தி

சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறார் ஷைலா. சம்பளம் அதற்குத்தான். சம்பளமே இல்லாத இன்னொரு வேலையையும் சில வருடங்களாகக் கட்டி இழுக்கிறார். பார்வை இல்லாதவர்களுக்குத் திரையில் உள்ள தமிழை வாசித்துச் சொல்லும் செயலி ஒன்றை ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து இலவசமாக உருவாக்குகிறார்கள். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தத்தான் ஆள் இல்லை. பேப்பரில் செயலியின் பேர் வந்தால் ஆள் வரும் என்று குழுவில் முடிவானது. தமிழ் ஒழுங்காக எழுதுகிற பாவத்துக்கு, பேப்பருக்கு எழுதிப்போடும் வேலை ஷைலா தலையில் விழுந்தது.

மாதம் பிறந்தால் ஒரு செய்திக்குறிப்பு. அனுப்பிவிட்டு, விருதுநகரில் இருக்கும் நிருபர் ராஜபாண்டியனுக்குப் போன் போடுவார். எடுத்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்.

“எங்கன டீச்சர் வெடிச்சிருச்சு?”

“வெடிக்கலை சார். செயலியில புதுசா...”

“அப்ப சாயங்காலம் பேசுவோம்.”

அவரைக் குறை சொல்லி என்ன? பட்டாசு ஆலைகள் நிறைந்த இந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு வரும் போன் அப்படி. தீபாவளி நெருங்கினால் விளம்பரம், முடிந்தால் மழை, நடுநடுவே விபத்து. ஷைலாவின் குறிப்பு எப்போதாவது கோயில் கொடைக்கும் ரத்ததான முகாமுக்கும் இடையில் நான்கு வரியாக ஒண்டிக்கொள்ளும். அதையும் ஒருமுறை ‘சாத்தூர் ஆசிரியை சாதனை’ என்று போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தக் கிண்டல் ஓய ரொம்ப நாளானது.

போன ஆவணியில் ராஜபாண்டியனே கூப்பிட்டார்.

“உங்க செட்டுல வெடி விபத்துல கண்ணு போனவரு ஒருத்தர் இருக்காராமே. அவரைக் குடுங்க, அரைப்பக்கம் வாங்கித் தாரேன்.”

அது நாரணாபுரம் பலவேசம். பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையில் பார்வையைப் பறிகொடுத்தவர். செயலி எங்கே திக்குகிறது, எந்தப் பொத்தானைப் படிக்காமல் தாண்டுகிறது என்று கேட்டுக் கேட்டுக் குழுவுக்குச் சொல்பவர் அவர் ஒருவர்தான். அவர் சரி என்று சொல்லாமல் எதுவும் வெளியே போகாது. அவரிடம் ஷைலா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நான் பாக்குற வேலையை எழுதுவாகளா டீச்சர்?”

“எழுதச் சொல்றேன் அண்ணே.”

“அப்ப வரச் சொல்லுங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்னு எங்க தெருக்காரனுக நெனைக்கானுக.”

நிருபர் வந்தார். பலவேசம் மூச்சு விடாமல் வேலையைப் பற்றியே பேசினார். ஷைலாவும் அதையே எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அரைப்பக்கம் வந்தது: ‘இருண்டது வாழ்வு: கலங்கும் பட்டாசுத் தொழிலாளி.’ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி எடுத்த படம். செயலியின் பெயர் கடைசி வரியில், அதுவும் தப்பாக. குழுவிலோ ஒரே கொண்டாட்டம். மாதாமாதம் இப்படி ஒன்று வந்தால் போதும் என்று எழுதினார்கள்.

பலவேசம் அந்தச் செய்தியைச் செயலியை வைத்தே கேட்டிருக்கிறார். மறுநாள் போன் செய்தார்.

“யாரோ அரிசி மூட்டையோட வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாக டீச்சர். வாங்கிக்கிட்டேன். வேண்டாம்னு சொல்ற நெலைமையா நமக்கு?”

“மன்னிச்சிருங்க அண்ணே.”

“உங்களை ஒண்ணும் சொல்லலை. முழுசும் கேட்டேன். தடங்கல் இல்லாம வாசிச்சுச்சு. என் வேலைதான் அதுல இல்ல. இனிமே வேற ஆளைப் பாத்துக்கிடுங்க.”

ஷைலா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் மசியவில்லை. அரைப்பக்கத்தைப் படித்துவிட்டு, நானும் வருகிறேன் என்று குழுவுக்கு எழுதியவர் ஒருவரும் இல்லை.

மறுபடி மாதம் பிறந்தது. பரீட்சைத் தாள்களை ஒதுக்கிவிட்டுக் குறிப்பு எழுத உட்கார்ந்தார். முதல் வரி என்னவென்று குழுவிலிருந்தே சொல்லி அனுப்பியிருந்தார்கள்: ‘பிழை கண்டு சொல்ல, பார்வையற்ற தன்னார்வலர் ஒருவர் தேவை.’ அதை டைப் அடிக்க ஷைலாவுக்குக் கை வரவில்லை. ஆனாலும் அடித்தார்.